நட்சத்திரம் சூட்டும் முறை: கல்லூரி விளையாட்டாளர் தரவரிசையும் தம்பின் தோட்டப்புற மாணவரும்

முன்னுரை

தரம் பிரிப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று. தம்பின், ரெப்பா, கெமெஞ்சே, கெமாஸ் வட்டாரங்களில் ரப்பர் கோலோச்சிய நாள்களில், புகைக்கூடத்திலிருந்து வந்த தகடுகளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தே தரம் சொல்வார்கள். உள்ளே குமிழி இருக்கிறதா, பூஞ்சணம் படிந்திருக்கிறதா, மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே கணித்து, முதல் தரம் தொடங்கி ஐந்தாம் தரம் வரை பிரிப்பார்கள். தரத்துக்கு ஏற்றபடி விலை அமையும்.

ஏறத்தாழ இதே முறையில் பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. பள்ளியில் அமெரிக்கக் காற்பந்து ஆடும் மாணவர்களைப் பார்த்து, இவர் ஐந்து நட்சத்திரம், இவர் மூன்று நட்சத்திரம் என்று பட்டியலிடுகிறார்கள். அவர்களைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் போட்டியிடுகின்றன. இம்முறை எப்படி இயங்குகிறது, அதை எவ்வளவு நம்பலாம், நம் நாட்டில் இதற்கு ஒப்பான மதிப்பீடு தம்பின் போன்ற இடத்து மாணவரை எப்படித் தொடுகிறது ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நட்சத்திரம் என்பது என்ன?

முதலில் ஒரு தெளிவு. இங்கே பேசப்படும் ஆட்டம் நாம் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியை முட்டித் தள்ளியும் ஆடுவது அமெரிக்கக் காற்பந்து. அந்நாட்டில் பத்து இலட்சம் அளவிலான உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இதை ஆடுகிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு முழு உபகாரச் சம்பளம் தந்து சேர்த்துக்கொள்கின்றன. அங்கே சிறந்து விளங்குபவர்களை என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறை லீக்கின் 32 அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன.

எந்தப் பள்ளியில் எந்த மாணவர் திறமைசாலி என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பெற்றோரும் இரசிகர்களும்கூட அதை அறிய விரும்பினார்கள். இந்த இடைவெளியில்தான் மதிப்பீட்டு நிறுவனங்கள் தோன்றின. தொடக்கத்தில் அவை அஞ்சலில் வரும் இதழ்களாக இருந்தன. இணையம் வந்தபின் பெரும் வணிகமாக வளர்ந்தன. ரைவல்ஸ், 247 ஸ்போர்ட்ஸ், இ.எஸ்.பி.என். போன்றவை இவற்றுள் பெயர்பெற்றவை.

நட்சத்திரத்துக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. ரைவல்ஸின் பழைய அளவுகோலில் 6.1 பெற்றவர் ஐந்து நட்சத்திரக்காரர், 5.8 முதல் 6.0 வரை நான்கு, 5.5 முதல் 5.7 வரை மூன்று. 247 ஸ்போர்ட்ஸ் நிறுவனம் நூறை ஒட்டிய அளவுகோலை வைத்துக்கொண்டு 98க்கு மேல் ஐந்து, 90 முதல் 97 வரை நான்கு, 80 முதல் 89 வரை மூன்று என்று வகுத்தது. பல நிறுவனங்களின் மதிப்பீடுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும் கூட்டு மதிப்பீட்டையும் அது வெளியிடுகிறது.

ஐந்து நட்சத்திரம் பெறுவோர் ஆண்டுக்கு முப்பது பேர் அளவில்தான். என்.எஃப்.எல். தேர்வின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதால், அந்த 32 இடங்களைப் பிற்காலத்தில் பிடிக்கக்கூடியவர்கள் யார் என்ற முன்கணிப்பாகவே 247 ஸ்போர்ட்ஸ் ஐந்து நட்சத்திரத்தைக் கருதுகிறது. ஆகவே, நட்சத்திரம் என்பது இன்றைய ஆட்டத்துக்குக் கொடுக்கும் பரிசன்று. நான்கைந்து ஆண்டுகள் கழித்து இவர் எங்கே நிற்பார் என்பதைப் பற்றிய ஊகம் அது. இவ்வேறுபாட்டை மறந்தால் மற்ற அனைத்தும் பிழையாகப் புரியும்.

எப்படிச் சூட்டுகிறார்கள்?

மதிப்பீட்டாளர்கள் நான்கு வகைச் சான்றுகளைப் பார்க்கிறார்கள். ஒன்று, ஆட்டத்தின் காணொளி. இரண்டு, அளவுகள்: உயரம், எடை, கையின் நீளம், நாற்பது கெஜத் தூரத்தை ஓடி முடிக்கும் நேரம். மூன்று, பயிற்சி முகாம்கள். அங்கே பல மாநிலத்து மாணவர்கள் நேருக்கு நேர் மோதுவதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். நான்கு, பிற விளையாட்டுகளில் காட்டும் திறன். ஓட்டப்பந்தயத்தில் வேகமாக ஓடுபவரின் கால் வேகத்துக்கு வேறு சான்று தேவையில்லை. இவற்றைக்கொண்டு தரும் நட்சத்திரம் ஒரே முறையில் முடிவாவதில்லை. பள்ளிப் படிப்பு முடியும்வரை பலமுறை ஏறும், இறங்கும்.

ஐந்தாவதாக ஒரு சான்றும் உண்டு. வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும் வலிமை வாய்ந்தது. எந்தப் பல்கலைக்கழகம் இவரை அழைத்திருக்கிறது என்பதே அது. அலபாமா போன்ற வெற்றிக்குப் பேர்போன பல்கலைக்கழகம் ஒரு மாணவரை அழைத்ததும், நாம் எதையோ கவனிக்கத் தவறினோமோ என்று மதிப்பீட்டாளர் மீண்டும் காணொளியைப் பார்ப்பார், நட்சத்திரம் கூடும். நட்சத்திரம் கூடியதும் மேலும் பல பல்கலைக்கழகங்கள் அழைக்கும். அழைப்பு நட்சத்திரத்தைக் கூட்ட, நட்சத்திரம் அழைப்பைக் கூட்டும். ஒருமுறை கண்ணில் பட்டவருக்கு இச்சுழல் ஏணியாகிறது. கண்ணில் படாதவருக்கு ஏணியின் முதல் படியே இல்லை.

நட்சத்திரம் எவ்வளவு மெய்?

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் உண்மையே.

மொத்தமாகப் பார்க்கும்போது நட்சத்திரங்கள் நன்றாகவே பலிக்கின்றன. நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களைப் பாதிக்கு மேல் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழக அணிகளே 2011 முதல் 2024 வரையிலான பருவங்களில் தேசிய வெற்றியாளர்களாக வந்தன. ஐந்து நட்சத்திரக்காரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் என்.எஃப்.எல். அணிகளால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மூன்று நட்சத்திரக்காரர்களில் அவ்வாய்ப்பு நூற்றுக்குப் பத்தைக்கூட எட்டுவதில்லை.

தனி மனிதரைப் பார்க்கும்போதோ நட்சத்திரம் அடிக்கடி ஏமாற்றுகிறது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து நட்சத்திரக்காரர் 30 பேரில் பாதிப் பேர் தேறினால் 15 பேர். மூன்று நட்சத்திரக்காரர் 1,500 பேர் இருப்பதாகவும் அவர்களில் பதினைந்தில் ஒருவர் தேறுவதாகவும் வைத்துக்கொள்வோம். 100 பேர் ஆகிறார்கள். தொழில்முறை அணிகளில் மூன்று நட்சத்திரக்காரர்களே அதிகமாகத் தென்படுவதன் காரணம் இதுதான். இதைக்கண்டு நட்சத்திரம் பொய் என்பாரும் தவறு செய்கிறார். ஐந்து நட்சத்திரக்காரர் உறுதியாக வெல்வார் என்பாரும் தவறு செய்கிறார். நட்சத்திரம் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது; அக்கூட்டத்தில் நிற்கும் ஒருவரின் தலையெழுத்தைச் சொல்வதன்று.

ஜே.ஜே. வாட் என்பவர் பள்ளி முடித்தபோது இரண்டு நட்சத்திரக்காரர். மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பின்னர் உபகாரச் சம்பளம் இல்லாமலே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் என்.எஃப்.எல். லீக்கின் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

கண்ணில் படாதவர்

நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் ஜோஷ் ஆலன். கலிபோர்னியாவின் உட்பகுதியில், ஃபயர்பா என்ற சிற்றூரில் பருத்தி விளைவிக்கும் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். விடுமுறையில் பெருநகரத்து முகாம்களுக்குப் போய்ப் பெயர் பதிப்பதற்குப் பதில் ஊரிலேயே கூடைப்பந்தும் பேஸ்பாலும் ஆடினார். பள்ளி முடித்தபோது உடல் இன்னும் ஒல்லியாகவே இருந்தது. முதல் நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட அவரை அழைக்கவில்லை.

அருகிலிருந்த ரீட்லி என்ற ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஆடிய முதல் பருவத்தின் காணொளியை இணைத்து, நாடெங்கும் உள்ள பயிற்றுநர்களுக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பினார். நூற்றுக்கணக்கில் போன அக்கடிதங்களுக்கு மிகச் சில பதில்களே வந்தன. இறுதியில் வயோமிங் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2018ஆம் ஆண்டுத் தேர்வில் ஏழாவது ஆளாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2024 பருவத்தில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக அறிவிக்கப்பட்டார்.

ஆலனைப் பார்த்துத் தவறாக மதிப்பிட்டார்கள் என்பதைவிட, பார்க்கவே இல்லை என்பதே சரி. மதிப்பீட்டாளர்களின் கால்கள் டெக்சஸ், புளோரிடா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களிலும் பெருநகரங்களிலும்தான் அதிகம் படுகின்றன. ஆகவே ஒவ்வொரு நட்சத்திரத்திலும் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன: ஒன்று மாணவரின் திறன், மற்றொன்று அத்திறனைப் பார்க்க எத்தனை கண்கள் வந்தன என்பது. பட்டியலைப் படிப்பவருக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் குறி எதுவும் அதில் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. வளரும் வயதில் சில மாதங்களே பெரிய வேறுபாட்டைத் தரும். கனடாவின் பனிக்கட்டி ஹாக்கி ஆட்டக்காரர்களை 1980களில் ஆய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் மிகுந்திருப்பது தெரியவந்தது. ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஓராண்டு மூத்தது. உடல் வளர்ச்சியில் முந்தி நிற்பதால் திறமைசாலியாகத் தோன்றுகிறது. தேர்வானதும் நல்ல பயிற்சி கிடைக்கிறது. பயிற்சி கிடைத்ததும் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறது. ரப்பர் தகடு காய்ந்து முடிந்த பொருள். இன்று சொன்ன தரம் நாளையும் நிற்கும். பதினேழு வயதுப் பிள்ளை இன்னும் உறையாத பால்.

நம் நாட்டு விளையாட்டரங்கில்

நம் நாட்டில் விளையாட்டாளருக்கு நட்சத்திரம் சூட்டும் வழக்கம் இல்லை. ஆனால் இளமையிலேயே பொறுக்கி எடுக்கும் வழக்கம் உண்டு. 1996இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் வந்தது. மாவட்டப் பயிற்சி மையங்களில் தொடங்கி, பகாங் மாநிலம் காம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி வரை அதன் படிகள் அமைந்தன.

அந்த அகாடமியில் உருவான லுக்மான் ஹாக்கிம், 2018ஆம் ஆண்டு ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் கோல்களைக் குவித்தார். 2002இல் பிறந்த உலகின் சிறந்த 60 இளம் ஆட்டக்காரர்கள் என்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2019இல் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. நம் நாட்டவர் ஒருவருக்குக் கிடைத்த ஐந்து நட்சத்திரம் என்றே அதைச் சொல்லலாம். பெல்ஜியத்தின் கோர்ட்ரிக் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆயினும் அதன் முதல் அணியில் நிலையான இடம் கிடைக்காமல், ஐஸ்லாந்துக்கும் ஜப்பானுக்கும் இரவலாகப் போக நேர்ந்தது. பட்டியல் அவர்மீது ஏற்றிய சுமையை அவர் கால்கள் மட்டும் சுமக்க வேண்டியிருந்தது.

மறுபுறம், நம் மாநிலமான நெகிரி செம்பிலான் அணிக்கு ஆடிய எஸ். குணாளன், பயிற்றுநர் கே. ராஜகோபாலின் கீழ் 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியில் இடம்பெற்றார். உலகப் பட்டியல் எதுவும் அவருக்கு முன்கூட்டி நட்சத்திரம் சூட்டவில்லை.

பல்கலைக்கழக வாயிலில் நம் நட்சத்திரம்

விளையாட்டைவிட நம் மாணவர் பெரும்பாலோரைத் தொடும் மதிப்பீடு வேறொன்று. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியே அது. 2002இல் தகுதி அடிப்படையிலான நுழைவு முறை நடைமுறைக்கு வந்தது. கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்பது அதன் அடிப்படைக் கணக்கு. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் ஆகிய இரு வழிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா என்ற பழைய வாதம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே அந்தப் பத்து விழுக்காட்டை மட்டும் பார்ப்போம்.

எஸ்.டி.பி.எம். மாணவருக்குச் சராசரிப் புள்ளி 4.00 என்றால் 90 கிடைக்கும். அப்படியானால் 1.00 சராசரிக்கு 22.5 புள்ளி. ஒரு புறப்பாடப் புள்ளி ஏறத்தாழ 0.044 சராசரிக்குச் சமம். மூன்று புள்ளி 0.13க்குச் சமம்.

இரு மாணவரை எண்ணிக்கொள்வோம். தோட்டத்திலிருந்து வரும் மாணவியின் சராசரி 3.75, அதற்கு 84.38 புள்ளி. புறப்பாடத்தில் அவருக்கு 4 புள்ளியே கிடைத்திருக்கிறது. மொத்தம் 88.38. பட்டணத்து மாணவரின் சராசரி 3.58, அதற்கு 80.55 புள்ளி. புறப்பாடத்தில் 8.5. மொத்தம் 89.05. பாடத்தில் தெளிவாக முந்தி நின்றவர் பட்டியலில் பிந்திவிடுகிறார். ஒரே இடத்துக்கு இருவரும் போட்டியிட்டால் அந்த இடம் யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புறப்பாடப் புள்ளி எப்படி அமைகிறது? வருகை, வகித்த பொறுப்பு, பங்கெடுத்த நிலை, அடைந்த வெற்றி ஆகியவை முக்கியமானவை. பள்ளி நிலையைவிட மாவட்டம், அதைவிட மாநிலம், அதைவிடத் தேசியம், அதற்கும் மேல் அனைத்துலகம் என்று புள்ளி ஏறும். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகிய மூன்று பிரிவுகளிலும் மாணவர் ஈடுபட வேண்டும். 2011இல் வந்த ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ கொள்கையும் இவ்வழியை ஒட்டியதே.

இம்முறை தீயதன்று. நூலை மட்டும் உருப்போட்டு வருபவரைக் காட்டிலும் கூடி வாழத் தெரிந்தவரைத் தேடுவது நல்ல நோக்கமே. ஆனால் புள்ளி அளப்பது எதை? பிற்பகல் பயிற்சி முடியும்போது மாலை ஆகிவிடும். பள்ளிப் பேருந்து அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டால், தோட்டத்து மாணவர் வீடு போய்ச் சேருவது எப்படி? சனிக்கிழமை சிரம்பானில் மாநிலப் போட்டி என்றால், தம்பினிலிருந்து அழைத்துப்போக யாருக்கு வண்டி இருக்கிறது? தாயும் தந்தையும் செம்பனைக் காட்டிலோ தொழிற்சாலையிலோ வேலையில் இருக்கும்போது, தங்கையையும் தம்பியையும் பார்த்துக்கொள்ளும் மூத்த பிள்ளைக்கு அப்பொறுப்புக்காக எந்தச் சான்றிதழும் கிடைப்பதில்லை. ஃபயர்பா பண்ணைப் பையனைப் போலவே இம்மாணவரும் திறன் இல்லாததால் பின்தங்கவில்லை. கண்ணில் படும் இடத்தில் இல்லாததால் பின்தங்குகிறார்.

செய்யத்தக்கவை

முறையை மாற்றும் வரை காத்திருப்பதைவிட, முறையை அறிந்து நடப்பதே இப்போது கைகூடும் வழி.

முதலாவது, மாணவர் செய்ய வேண்டியது. பல இடங்களில் கால் வைப்பதைவிட ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு என்று தொடக்கத்திலேயே தேர்ந்து, அதில் நிலைத்து நிற்பது நன்று. வருகைக்கும் புள்ளி உண்டு. அதற்குத் தனித்திறமை தேவையில்லை. செயலாளர், பொருளாளர் பொறுப்புகளைத் தயங்காமல் ஏற்க வேண்டும். ஒவ்வொரு சான்றிதழையும் படியெடுத்து ஒரே கோப்பில் வைக்க வேண்டும். பள்ளி பதிவுசெய்த புறப்பாடப் புள்ளியை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விடுபட்ட சான்றிதழை அப்போது சேர்க்கலாம், முடிவு வந்தபின் சேர்க்க முடியாது.

இரண்டாவது, பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியது. நான்கு குடும்பங்கள் முறைவைத்து ஒரு வண்டி ஏற்பாடு செய்தால் பத்துப் பிள்ளைகள் பிற்பகல் பயிற்சிக்கு நிற்க முடியும். ஆலயமும் இளைஞர் மன்றமும் நடத்தும் பேச்சுப் போட்டி, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றைப் பள்ளியின் ஒப்புதலோடு நடத்த முடியுமா என்று முன்கூட்டியே கேட்டறிவது பயன் தரும்.

மூன்றாவது, பல்கலைக்கழகம் வந்துவிட்ட நாம் செய்ய வேண்டியது. மேலே காட்டிய 90, 10 கணக்கு ஐந்தாம் படிவம் முடிக்கும் வரை பல தோட்டப்புற மாணவருக்குத் தெரிவதில்லை. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் இருவர், தாம் படித்த பள்ளியில் மூன்றாம் படிவ வகுப்புக்குப் போய், கரும்பலகையில் அக்கணக்கைப் போட்டுக் காட்டினாலே போதும். இரண்டாண்டுக்கு முன்னால் தெரிந்த கணக்கு ஏணியாகும். விண்ணப்ப நாளில் தெரிந்த கணக்கு வருத்தமாக மட்டுமே மிஞ்சும்.

முடிவுரை

ஆள் தேர்வு நம் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆராய்ந்து பார்த்த பிறகே ஒருவர்மீது நம்பிக்கை வைக்க வேண்டும் என்பது அதன் மையக்கருத்து. பார்க்காமலே ஒதுக்குவதும் அந்த அளவுகோலில் குற்றமே.

ரப்பர் வாணிபமே இதற்கு நல்ல முன்மாதிரி. கண்ணால் தகட்டைப் பார்த்துத் தரம் சொல்வது போதாது என்று கண்டு, 1965இல் மலேசியா தரப்படுத்தப்பட்ட ரப்பர் முறையைக் கொண்டுவந்தது. அதன்படி அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து தரம் சொன்னார்கள். கண் தவறவிட்டதைப் பிடிக்க அளவுகோலையே திருத்தினார்கள்.

எந்த மதிப்பீட்டைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம்: இது எதை அளந்தது? யார் பார்த்தார்கள்? எப்போது பார்த்தார்கள்? இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த மாணவர் தமக்குக் கிடைத்த குறைந்த புள்ளியைக் கண்டு தம்மைத் தாழ்வாக எண்ணமாட்டார். உயர்ந்த புள்ளியைக் கண்டு பிறரை இகழவும் மாட்டார். ரெப்பாவிலும் கெமெஞ்சேயிலும் இவ்வாண்டு மூன்றாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவர்களைப் போய்ப் பார்க்கும் முதல் கண்கள் நம்முடையவையாக இருக்கட்டும்.